கடைசிக் கட்டில் ஐம்பது வரிசைகள்

பம்பாயில் எஸ்ஸோ ஸ்டாண்டர்டு ஈஸ்டர்ன் எண்ணெய் நிறுவனம் 1961இல் ஐ.பி.எம். 1401 கணினியை நிறுவியது. இந்தியாவில் வணிகப் பணிக்கென வந்த முதற்கணினியாக அது குறிக்கப்படுகிறது. அந்நிறுவனத்தின் சுத்திகரிப்பு ஆலை செம்பூரை அடுத்த மாகுலில் இருந்தது. 1974இல் நிறுவனம் அரசுடைமையாகி இந்துஸ்தான் பெட்ரோலியம் ஆயிற்று. மாட்டுங்காவிலிருந்து கோட்டைப் பகுதி அலுவலகங்களுக்குச் சென்ற அக்காலத் தமிழ் எழுத்தர்களுக்குப் பேரேடு பழக்கமானது: ஒரு வரி, ஒரு கணக்கு. துளை அட்டையும் அதே ஒழுங்கைப் பின்பற்றியது: ஓர் அட்டை, ஒரு பதிவு. அட்டைகளைக் கட்டுக்கட்டாக வைத்தாலும் இயந்திரம் ஒவ்வொன்றாகவே படித்தது. கோபால் நிரலில் கோப்பைப் படிக்கும் கட்டளையும் ஒரு முறைக்கு ஒரு பதிவையே கொணர்ந்தது.

இவ்வொழுங்கை 1970இல் எட்கர் காட் வெளியிட்ட கட்டுரை மாற்றியது. தரவை அட்டவணைகளாகக் கருதி, எவ்வாறு தேடுவது என்று கூறாமல் எது வேண்டும் என்று மட்டும் கேட்கலாம் என்பது அவர் முன்வைத்த மாதிரியின் விளைவு. அத்தகைய வினாவுக்கு விடை ஒரு பதிவன்று, பதிவுகளின் கணம். இக்கருத்தின் வழியில் டொனால்ட் சேம்பர்லினும் ரேமண்ட் பாய்ஸும் 1974இல் சீக்வெல் மொழியை வெளியிட்டனர். அதுவே பின்னர் எஸ்.கியூ.எல். எனப் பெயர் சுருங்கியது.

எனினும் அலுவலகங்களின் அன்றாட வேலை கோபால், பி.எல்.1, பின்னர் சி ஆகிய மொழிகளிலேயே நடந்தது. ஆகவே எஸ்.கியூ.எல். வாக்கியங்களை அம்மொழி நிரல்களுக்குள்ளேயே பொதிந்து எழுதும் முறை உருவாயிற்று. இலக்கண நோக்கில் இது ஒருமையும் பன்மையும் மோதிய இடம். எஸ்.கியூ.எல். பன்மையில் விடை தரும். அதை ஏந்தும் மொழி ஒருமையில்தான் வாங்கும். ஐ.பி.எம். நிறுவனத்தின் சிஸ்டம் ஆர் ஆய்வுத் திட்டம் இதற்குக் ‘கர்சர்’ என்னும் கருவியைப் பயன்படுத்தியது. விடைக்கணத்தின் மீது ஒரு சுட்டுவிரலை வைத்து, திறந்து, ஒவ்வொரு வரிசையாக எடுத்து, இறுதியில் மூடுவது அதன் முறை. பன்மையில் பிறந்த விடை மீண்டும் துளை அட்டைக் கட்டாயிற்று.

இதற்கு விலை உண்டு. ஒவ்வொரு வரிசைக்கும் நிரல் தரவுத்தளத்தை ஒருமுறை அழைக்க வேண்டும். 10,050 வரிசைகளுக்கு அவ்வளவு அழைப்புகள். இடையில் வலையமைப்பு இருப்பின் தாமதம் பெருகும். ஆரக்கிள் நிறுவனத்தின் புரோ-சி, ஒரு மாறிக்கு மாற்றாக மாறிகளின் அணியையே நிரலில் வைக்க இடமளித்தது. ஐ.பி.எம். பெருங்கணினிகளுக்கான டிபி2 தனது 8ஆம் பதிப்பில், 2004இல், ஒரே கட்டளையில் 32,767 வரிசைகள் வரை எடுக்கும் வசதியைச் சேர்த்தது. நூறு நூறாக எடுத்தால் மேற்கண்ட பணி 101 அழைப்புகளில் முடியும்.

ஆனால் பன்மை திரும்பியபோது புதிய பிழையும் வந்தது. நூற்றொன்றாம் அழைப்பில் 50 வரிசைகளே வரும்; கூடவே ‘தரவு முடிந்தது’ என்னும் குறியும் வரும். குறியைக் கண்டவுடன் சுழற்சியை விட்டு வெளியேறும் நிரல் அந்த ஐம்பதையும் தொடாமலே போய்விடும். எத்தனை வரிசைகள் வந்தன என்னும் எண்ணிக்கையைத் தனியே பார்த்தால்தான் அவை தப்பும். கூட்டமாகச் சேர்க்கும்போதும் இதுவே சிக்கல்: நடுவில் ஒரு வரிசை பழுதாயின், முழுக்கட்டையும் திருப்புவதா, பழுதானதை ஒதுக்கி மற்றவற்றை ஏற்பதா? டிபி2 இரு வழிகளையும் தருகிறது. எதைத் தேர்வது என்பதை நிரலாளரே முடிவு செய்ய வேண்டும்.

இத்தேர்வு நிரலோடு நிற்பதன்று. 1976இல் பம்பாயின் குடிசைப் பகுதிகள் கணக்கெடுக்கப்பட்டு, குடும்பங்களுக்கு நிழற்பட அட்டைகள் வழங்கப்பட்டன. பின்னர் மறுகுடியமர்வுக்கான தகுதி ஒரு நாளால் வரையறுக்கப்பட்டது: முதலில் 1995 ஜனவரி 1, பிறகு 2000 ஜனவரி 1. திருநெல்வேலிப் பகுதியிலிருந்து வந்து தலைமுறைகளாகத் தாராவியில் வாழும் குடும்பங்களுக்கும் அந்நாளே எல்லைக்கோடாயிற்று. எஸ்.கியூ.எல். மொழியில் அது ஒரே வரி நிபந்தனை. பல்லாயிரம் வரிசைகளை ஒருசேரப் பிரித்துவிடும். அந்நாளுக்கு முன்பே குடியிருந்தும் ஆவணம் காட்ட இயலாதவர் அந்த வரியில் தென்படுவதில்லை. அவரைக் காண வேண்டுமாயின் யாரேனும் ஒருவர் ஒருமைக்குத் திரும்பி, அந்த ஒரு வரிசையைத் தனியே எடுத்துப் படிக்க வேண்டும்.

கர்சரை வேகக்குறைவின் சின்னமாகவே பாடநூல்கள் அறிமுகம் செய்வதுண்டு. வேகத்தைப் பொறுத்தவரை அது சரி. ஆயினும் ஒவ்வொன்றாக நின்று பார்ப்பதற்கான ஏற்பாடும் அதுவே. கட்டாக எடுக்கும் உரிமையோடு கடைசிக் கட்டை எண்ணிப் பார்க்கும் கடமையும் சேர்ந்தே வருகிறது.