பூண்டுலோயா தந்த பாடம்

பல் போனால் சொல் போச்சு என்பது நம்மவர் பழமொழி. ஆயின், பல் போன கதையே உலக மருத்துவ நூல்களின் சொல்லாக அமைந்த விந்தை ஒன்று நமது மலைநாட்டில் நிகழ்ந்துள்ளது. பல்வைத்தியம் பயிலும் மாணவர் எந்நாட்டினராயினும் அதனைப் படிக்கின்றனர். அக்கதைக்கு உரியவரோ நுவரெலியா மாவட்டத்துத் தேயிலைத் தோட்டத் தொழிலாளர். அவர்களை நாம் மறந்துவிட்டோம்.

ஹரால்ட் லோ என்பவர் நார்வே நாட்டுப் பல்மருத்துவ அறிஞர். 1965 ஆம் ஆண்டில் அவரும் அவருடன் பணியாற்றியோரும் டென்மார்க்கின் ஓர்ஹூஸ் நகரில் நடத்திய பரிசோதனை ஒன்றை வெளியிட்டனர். நல்ல ஈறுகளை உடைய 12 பேர் பல் துலக்குவதை நிறுத்திக்கொண்டனர். 10 நாள் முதல் 21 நாளுக்குள் ஒவ்வொருவருக்கும் ஈறு சிவந்து வீங்கியது. மீண்டும் துலக்கத் தொடங்கியதும் ஒரு வார அளவில் வீக்கம் தணிந்தது. பல்லின்மேற் படியும் அழுக்குப் படலமே ஈறு நோய்க்கு மூலம் என்பது இதனாற் புலப்பட்டது.

இவ்வழுக்கை ஒருவரும் அகற்றாதிருந்தால், ஆண்டுக்கணக்கில் என்ன நேரும்? இதனை அறிய இரு கூட்டத்தாரை ஒப்புநோக்க ஆய்வாளர் கருதினர். பல்வைத்திய வசதி நிறைந்த ஒஸ்லோ நகரின் மாணவரும் கல்வியாளருமாகிய 565 பேர் 1969 இல் தேர்ந்தெடுக்கப்பட்டனர். வசதி எதுவும் எட்டாத மக்களை நாடி அவர்கள் 1970 இல் வந்த இடமே பூண்டுலோயா. அங்கே டன்சினன், ஹெரோ ஆகிய தோட்டங்களில் 480 ஆண் தொழிலாளரின் வாய்கள் சோதிக்கப்பட்டன. அவர்கள் பல் துலக்கும் தூரிகையை அறியாதவர்கள். பல்வைத்தியரின் சிகிச்சையையும் காணாதவர்கள். ஆய்வாளர் 1985 வரை மீண்டும் மீண்டும் வந்து, அதே வாய்களை அளந்து குறித்தனர்.

முடிவு 1986 இல் வெளியாயிற்று. எல்லோர் பல்லிலும் அழுக்கும் காரையும் இருந்தன. ஆயினும் நோய் எல்லோரையும் ஒரே வகையாய்த் தாக்கவில்லை. நூற்றுக்கு 8 பேரிடம் அது விரைந்து பரவிற்று. இவர்கள் 45 வயதளவில் பற்களையெல்லாம் இழந்தனர். 81 பேரிடம் மெல்ல நடந்தது. அவ்வயதில் இவர்கள் இழந்தவை சராசரி 7 பற்கள். எஞ்சிய 11 பேருக்குப் பல்லிழப்பு இல்லையென்றே சொல்லலாம். அழுக்கு ஒன்றே ஆயினும், அதனை எதிர்க்கும் உடலின் வலிமை ஆளுக்கு ஆள் வேறுபடும் என்ற உண்மையை உலகம் இவ்வாறு கற்றுக்கொண்டது.

நேயர்களே, ஆய்வாளரைக் குறைகூறுவது என் நோக்கமன்று. அந்நிலையை உண்டாக்கியவர் அவரல்லர். வைத்தியமே எட்டாத 480 பேர் ஓரிடத்திற் கிடைத்தது எங்ஙனம் என்பதே வரலாறு கேட்கவேண்டிய கேள்வி. தோட்டத்துரைமார் தொழிலாளரின் மருத்துவத் தேவையைக் கவனிக்கவேண்டும் என்று 1912 ஆம் ஆண்டுச் சட்டம் விதித்திருந்தது. 1954 இல் பல்மருத்துவக் கல்வியும் கொழும்பிலிருந்து பேராதனைக்கு வந்துவிட்டது. பேராதனையும் பூண்டுலோயாவும் ஒரே மத்திய மாகாணத்தில் உள்ளவை. பதினாறு ஆண்டுகள் கழிந்தும் அக்கல்வியின் பயன் லயத்து வாசலை எட்டவில்லை. 1948 ஆம் ஆண்டுச் சட்டத்தால் குடியுரிமை இழந்து, 1964 ஆம் ஆண்டு உடன்பாட்டால் இந்தியாவுக்கும் இலங்கைக்குமெனப் பங்கிடப்பட்ட மக்களின் பல்வலியை யார் கேட்பார்?

தூரம் மட்டுமே தடையன்று. நகரத்துக்குப் போனால் அன்றைய பேர் போய்விடும். எனவே வலி பொறுக்கமுடியாத நாளில்தான் தொழிலாளி புறப்படுகின்றார். அந்நிலையில் பல்லைப் பிடுங்குவதே பெரும்பாலும் எஞ்சிய வழியாகிறது. பல்வைத்தியர் என்றால் பிடுங்குபவர் என்ற எண்ணம் பிள்ளைகளுக்கும் பரவுகின்றது. அச்சம் தாமதத்தைத் தர, தாமதம் வலியைத் தர, வலி மீண்டும் அச்சத்தையே வளர்க்கின்றது.

உடலின் எதிர்ப்பு வலிமையே குன்றியவருக்கு இச்சுழல் இன்னும் கொடிது. எச்.ஐ.வி. கிருமி தொற்றியோருக்குச் சிகிச்சை தாமதமானால், வாயில் வெண்படலமாகப் பூஞ்சை நோய் தோன்றும். ஈறு நோயும் கடுமையாகலாம். சென்னையில் இத்தகைய நோயாளர் 300 பேரின் வாய் நோய்களை ஆராய்ந்த கட்டுரை ஒன்று 2000 இல் வெளிவந்தது. வாயைப் பார்த்தே நோயின் போக்கை ஓரளவு உணரலாம் என்பதால், பல்வைத்தியர் இவர்களுக்கு மிகவும் வேண்டியவர். இவர்களோ வலிக்கு அஞ்சுவதோடு, உண்மையைச் சொன்னால் திருப்பி அனுப்பிவிடுவாரோ என்றும் அஞ்சுகின்றனர். இவ்வச்சத்துக்கு இடம் இருக்கலாகாது. கையுறை அணிதல், கருவிகளைக் கிருமி நீக்கல் முதலிய காப்பு முறைகளை எல்லா நோயாளரிடத்தும் ஒருபடியாகக் கைக்கொள்ளவேண்டும் என்பதே மருத்துவ விதி. அவ்விதி காக்கப்படும் இடத்தில், ஒருவரைத் திருப்பி அனுப்ப நோயைக் காரணமாகக் காட்ட இயலாது.

2010 இல் ஆய்வாளர் மீண்டும் அதே மக்களைத் தேடினர். 480 பேரில் 75 பேரே சோதிக்கப்பட்டனர். நாற்பதாண்டுக் கணக்கு 2017 இல் அச்சாயிற்று. இளைஞராய் வாய் திறந்து காட்டியவர்கள் முதியவராய் வந்து மறுபடியும் வாய் திறந்தனர். அவர்களால் உலகம் கற்றது மிகுதி. கற்ற பாடம் ஒரு தூரிகையாகவும், அஞ்சாமற் செல்லத்தக்க ஒரு வைத்தியசாலையாகவும் அவர்தம் பேரப்பிள்ளைகளைச் சென்றடைந்தாலன்றி, அந்தக் கடன் தீர்ந்ததாகாது.