கண்டற்கரையும் மருந்துக்கு அடங்காக் கிருமியும்

பெயரில் தீவு என்றிருந்தாலும் விடத்தல்தீவு தீவன்று. மன்னாரிலிருந்து பூநகரிக்குச் செல்லும் வீதியை அடுத்துக் கடலோரமாய் அமைந்த பெருநிலக் கிராமம் அது. விடத்தல் என்பது வறண்ட நிலத்து முள்மரம். ஆயினும் அவ்வூரின் செல்வமெல்லாம் கண்டல் மரங்களும், சேற்று வெளிகளும், கடற்புற்களும், அவற்றின் நிழலில் வளரும் மீனும் நண்டும் இறாலுமேயாகும். 2016ஆம் ஆண்டு மார்ச்சில் இலங்கை அரசு அங்கே 29,180 ஹெக்டேயர் பரப்பை இயற்கை ஒதுக்ககமாகப் பிரகடனஞ் செய்தது. எட்டு ஆண்டுகள் கழித்து, 2024 மே மாதத்தில் வெளியான வர்த்தமானி அறிவித்தலொன்று அதில் 168 ஹெக்டேயரை ஒதுக்கத்திலிருந்து நீக்கியது. நீருயிரின வளர்ப்புக்கு இடம் வேண்டும் என்பதே காரணம். சூழல் காக்கும் அமைப்புகள் வழக்குத் தொடுத்தன. அவ்வாண்டு ஜூலையில் உயர் நீதிமன்றம் அவ்வறிவித்தலை இடைநிறுத்தியது.

இவ்விவகாரத்தில் மரமும் பறவையும் மீனவர் பிழைப்பும் பேசப்பட்டன, பேசப்பட வேண்டியவையே. ஆனால் இறாற் குளங்களோடு கூடவே வரும் மற்றொன்று கண்ணுக்குத் தெரியாதது. அதன் வரலாறு மன்னாருக்கு வெகு தொலைவிலே தொடங்குகிறது.

1945ஆம் ஆண்டு நோபல் பரிசைப் பெற்றபோது ஆற்றிய சொற்பொழிவில், பெனிசிலினைக் கண்ட அலெக்சாந்தர் பிளெமிங் ஓர் எச்சரிக்கை விடுத்தார். கொல்லப் போதாத சிற்றளவில் மருந்தைக் கொடுத்தால் கிருமி சாகாது. மருந்தைத் தாங்கப் பழகிக்கொள்ளும் என்பதே அவர் கூற்று. இறாற் குளமொன்றில் நிகழ்வதும் பெரும்பாலும் இதுதான். நெருக்கமாக வளர்க்கப்படும் இறால்களை விப்ரியோ என்னும் கிருமியினம் எளிதில் தாக்கும். பண்ணையாளர் தீனியில் மருந்தைக் கலக்கின்றார். நோயுற்ற இறாலோ தீனியையே வெறுக்கும்! உண்ணாத தீனியும், உண்டதிற் செரியாத மருந்தும் குளத்தடிச் சேற்றிற் படிகின்றன. அச்சேற்றில் வாழும் கோடானுகோடி நுண்கிருமிகளுக்கு அதுவே சிற்றளவு மருந்தாகிவிடுகிறது.

ஒரு கிருமி கற்ற வித்தை அதனோடு ஒழிந்து போவதுமில்லை. 1959ஆம் ஆண்டளவில் யப்பானிய ஆய்வாளர், வயிற்றுளைவுக் கிருமியின் எதிர்ப்பாற்றல் வேறோர் இனக் கிருமிக்குத் தாவக்கூடும் என்று கண்டனர். அதே நாட்டில் 1950இல், ஒசாக்காவில், அரைகுறையாக உலர்த்திய சிறுமீனை உண்டு 272 பேர் நோயுற்று 20 பேர் மாண்டனர். அங்கே புஜினோ என்னும் அறிஞர் பிரித்தெடுத்த கிருமியும் விப்ரியோவே. வாந்திபேதியை உண்டாக்குவதும் அக்குடும்பத்தின் மற்றோர் உறுப்பினரே. எனவே கடலுயிரின் நோய் வேறு, மனிதனின் நோய் வேறு என்று கோடு கிழிப்பது எளிதன்று.

இலங்கையில் வணிக முறை இறால் வளர்ப்பு முதலில் மட்டக்களப்புப் பக்கத்திலே தொடங்கியது. போர் மூண்டபின் அது வடமேற்கே புத்தளம், சிலாபம் பகுதிகளில் வேரூன்றிப் பெருகிற்று. கண்டல்கள் வெட்டப்பட்டன. ஒரே களப்பிலிருந்து ஒருவர் நீர் இறைக்க, மற்றொருவர் கழிவைத் திறந்துவிட்டார். 1996இல் வெண்புள்ளி நோய் வந்து பெரும்பாலான குளங்களைப் பாழாக்கியது. அந்நோய்க்குக் காரணம் வைரஸ். நுண்ணுயிர்க்கொல்லி மருந்து எதனாலும் அதை அசைக்க முடியாது. ஆயினும் முதலிட்டவனுடைய கலக்கத்தில் கைக்கு அகப்பட்ட மருந்தே தஞ்சமாவது உலகெங்கும் காணும் வழக்கம்.

அவ்வாண்டே, பாக்கு நீரிணைக்கு அப்பால், தமிழ்நாட்டுக் காந்தியத் தொண்டர் ச. ஜெகந்நாதன் தொடுத்த வழக்கில் இந்திய உச்ச நீதிமன்றம் டிசம்பர் 11ஆம் நாள் தீர்ப்பளித்தது. கடலோர ஒழுங்குமுறை வலயத்தில் எழுந்த நவீன இறாற் பண்ணைகளை அகற்றுமாறு அது பணித்தது. நெல்வயலில் உப்பேறியதும் குடிநீர் கெட்டதுமே அவ்வழக்கின் உயிர்நாடி. மருந்தைப் பற்றிய கவலையைக் கிளப்பியது பெரும்பாலும் வாங்குவோர்தாம். 2001, 2002ஆம் ஆண்டுகளில் ஐரோப்பியச் சோதனைக் கூடங்கள் ஆசிய இறாலில் குளோரம்பெனிக்கோல் மருந்தின் எச்சத்தைக் கண்டு சரக்கைத் தடுத்தன. ஏற்றுமதிப் பெட்டி அன்றுமுதல் நுணுக்கமாகச் சோதிக்கப்பட்டது. குளத்துச் சேற்றுக்கும் அயல் வீட்டாருக்கும் அத்தகைய சோதனை வாய்த்ததா என்று கேட்கத் தோன்றுகிறது.

விலங்கையும் மனிதனையும் ஒருங்கே நோக்கும் முறை மேல்நாடுகளில் மெல்லவே உருவாயிற்று. 1960களில் பிரித்தானியாவில் ஆண்டர்சன் என்னும் ஆய்வாளர், கன்றுகளிடையே பரவிய சால்மொனெல்லா கிருமி பல மருந்துகளுக்கு அடங்காததாகி மனிதரையும் பற்றியதைத் தடம் பிடித்தார். 1969இல் சுவான் குழுவின் அறிக்கை வெளிவந்தது. 1995இல் டென்மார்க் நாடு பன்றி, கோழி, மாடு, உணவு, நோயாளி ஆகிய அனைத்திலிருந்தும் கிருமிகளை ஆண்டுதோறும் சேர்த்து ஒப்பிடும் ஏற்பாட்டைத் தொடங்கியது. வீட்டுப் பிராணிகள் அப்போதும் கணக்கின் ஓரத்திலேயே நின்றன. அமெரிக்காவில் 2016க்கும் 2018க்கும் இடையில் 18 மாநிலங்களில் 118 பேர் கம்பைலோபக்டர் நோயுற்றபோதுதான், கடைகளில் விற்ற நாய்க்குட்டிகள் மீது பலர் பார்வை திரும்பியது. நோயில்லாத குட்டிகளுக்கும் காப்பு என்று மருந்து ஊட்டப்பட்டிருந்தது. நோயாளிகளிடம் கண்ட கிருமியோ, வழமையாகக் கொடுக்கும் மருந்துகளுக்கு இணங்கவில்லை.

இலங்கையும் 2017 முதல் 2022 வரைக்கான தேசியத் திட்டமொன்றை வகுத்து, மருத்துவமனையோடு கால்நடையையும் மீன்வளத்தையும் அதில் இணைத்தது. எழுத்தில் இது நல்ல ஏற்பாடு. விடத்தல்தீவு போன்ற கரையில் அதன் பொருள் யாதெனில், குளம் வெட்டுமுன்னரே கண்டலடிச் சேற்றையும், களப்பு நீரையும், வலையில் வந்த இறாலையும் எடுத்துச் சோதித்து வைப்பது. வாடியோரத்தில் மீன்கழிவைத் தின்று திரிந்துவிட்டு வீட்டுத் திண்ணையில் வந்து படுக்கும் நாயையும் அதில் சேர்ப்பது. வயிற்றோட்டத்தோடு மன்னார் மருத்துவமனைக்கு வருவோரிடம் கிடைக்கும் கிருமியை அவற்றோடு ஒப்பிடுவது. முதற் கணக்கு இல்லாத இடத்தில் பின்னர் வரும் எந்தக் கணக்கும், கெடுதி எப்போது நுழைந்தது என்பதைச் சொல்லாது. புத்தளத்தில் முதற் குளங்கள் வெட்டப்பட்ட நாளில் அத்தகைய முதற் கணக்கை எவரும் பெரிதாய் எண்ணியதாகத் தெரியவில்லை. விடத்தல்தீவில், 2024 ஜூலையில் நீதிமன்றம் கொடுத்த இடைநிறுத்தம் அதற்கு அவகாசம் அளித்தது.