‘புறம்போக்கு’: ஒரு சொல்லின் வரலாறும் ஒரு பாடலின் வரவேற்பும்

2017 சனவரி 14, பொங்கல் நாளன்று ‘சென்னை பொறம்போக்கு பாடல்’ காணொளியாக வெளிவந்தது. கபேர் வாசுகி எழுதிய இப்பாடலுக்கு ஆர்.கே. சிறீராம்குமார் இசையமைக்க, டி.எம். கிருஷ்ணா பாடினார். சூழலியல் செயற்பாட்டாளர் நித்தியானந்த் செயராமன் இம்முயற்சிக்கு வழியமைத்தார். ரதீந்திரன் பிரசாத் எண்ணூர்க் கழிமுகத்தில் இதனைப் படமாக்கினார். ஆனந்தபைரவி, பேகடா, அமீர்கல்யாணி, தேவகாந்தாரி, சாலகபைரவி, சிந்துபைரவி ஆகிய இராகங்களின் மாலையாக அமைந்த இப்பாடலின் மொழி, சென்னைத் தெருக்களில் வழங்கும் பேச்சுத் தமிழாகும். கேட்டோர் பிரிந்து நின்றனர். அப்பிரிவை இசைச்சுவை வேறுபாடாகக் கருதும் போக்கே பெரும்பாலும் உள்ளது. பாடலின் மையச் சொல் தன்னுள் தாங்கியுள்ள வரலாறே அப்பிரிவுக்கு முதற்காரணம் என்பது இக்கட்டுரையின் கருத்து. தாராவி, மாதுங்கா, செம்பூர் என்னும் மும்பைப் பகுதிகளிலிருந்து நோக்கும்போது இக்கருத்து மேலும் தெளிவுறுகிறது.

சொல்லின் வரலாறு

‘புறம்’, ‘போக்கு’ என்னும் இரு சொற்களின் கூட்டான இது வருவாய்த் துறையின் கலைச்சொல். தீர்வை விதிக்கப்படாது கணக்கிற்குப் புறத்தே விடப்பட்ட நிலம் என்பது இதன் பொருள். ஏரி, களம், மேய்ச்சற்கால், வண்டிப்பாதை, சுடுகாடு, நத்தம் எனப் புறம்போக்கின் வகைகள் பல. சொல்லுக்கு முன்பே கருத்து இருந்தது. முதலாம் இராசராசனின் தஞ்சைக் கல்வெட்டுகள் ஊர்நிலத்தை அளந்து கூறுமிடத்து, இறை நீங்கும் நிலங்களைத் தனியே கழித்துக் காட்டுகின்றன. அப்பட்டியலில் ஊர்நத்தமும் கோயிலும் குளமும் வாய்க்காலும் உள்ளன; பறைச்சேரியும் கம்மாணச்சேரியும் சுடுகாடும் உள்ளன. வரி நோக்கில் கோயிலும் சேரியும் ஒரே வரிசையில் நிற்பது கவனிக்கத்தக்கது. ஆயினும் கோயில் நிலம் பின்னாளில் வசைச்சொல்லாகவில்லை.

ஆங்கிலேயர் ஆட்சியில் இரயத்துவாரி முறை வேரூன்றிய பின், பட்டா உள்ளவர், இல்லாதவர் என்னும் பாகுபாடு ஊரின் அன்றாட வாழ்விலேயே ஊடுருவிற்று. செங்கற்பட்டு மாவட்ட ஆட்சியராயிருந்த திரமென்கீர் 1891-இல் எழுதிய அறிக்கை, பறையர் குடியிருந்த மனைகூட அவர்க்கு உரிமையுடையதன்று, மிராசுதாரரின் பிடியில் இருந்தது என்பதை எடுத்துரைத்தது. 1905-ஆம் ஆண்டின் நில ஆக்கிரமிப்புச் சட்டம் புறம்போக்கில் குடியிருப்போரை ஆக்கிரமிப்பாளர் ஆக்கியது. ‘எவருக்கும் பட்டாவில்லாத நிலம்’ என்பதிலிருந்து ‘எதற்கும் ஆகாத ஆள்’ என்னும் பொருளுக்கு இச்சொல் நகர்ந்த வழி இதுவே எனக் கொள்ளலாம். ஒலியும் உடன் மாறிற்று. ‘குடம்’ பேச்சில் ‘கொடம்’ ஆவதுபோல், ‘புறம்’ ‘பொறம்’ ஆயிற்று. இன்று ‘புறம்போக்கு’ என்பது கிராம நிருவாக அலுவலரின் பதிவேட்டில் இருக்கிறது. ‘பொறம்போக்கு’ சண்டையில் இருக்கிறது. கபேர் வாசுகி எடுத்துக்கொண்டது இரண்டாவதனை.

வசையைத் திருப்பிப் பொருளுரைக்கும் முயற்சி இப்பாடலோடு தொடங்கவில்லை. எஸ்.பி. சனநாதன் 2015-இல் இயக்கிய திரைப்படம் ‘புறம்போக்கு என்கிற பொதுவுடைமை’ என்றே பெயர் தாங்கி வந்தது. அதே ஆண்டு திசம்பரில் சென்னையை வெள்ளம் சூழ்ந்தபின், நீர்நிலைப் புறம்போக்குகளின் அருமை நகர மக்கள் பலருக்கும் புலப்பட்டது. புறம்போக்கு தனியொருவர் உடைமையன்று, ஊர்க்கும் மண்ணுக்கும் உரியது என்று 2017-இல் பாடல் கூறியபோது, அதற்குச் செவிகொடுப்போர் ஆயத்தமாகவே இருந்தனர்.

எந்தத் தமிழ்?

சபாக்களின் சுவைஞருள் ஒரு சாரார்க்கு இப்பாடல் உவப்பளிக்கவில்லை. இராகங்கள் மரபு வழுவாது பாடப்பட்டிருந்தன. குறை சொல்ல வேண்டுவோர் சொற்களையே சுட்டினர். சென்னையின் பேச்சு பேகடாவில் அமர்வதை அவர்களால் ஏற்க இயலவில்லை.

இங்கு 1941-ஆம் ஆண்டு நினைவுக்கு வரும். அவ்வாண்டு அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தில் கூடிய தமிழிசை மாநாடு, கச்சேரிகளில் தமிழ்ப் பாடல்கள் முதன்மை பெற வேண்டும் எனத் தீர்மானித்தது. மொழி கருதி இசையின் தரம் தாழக்கூடாது என்பது மறுத்தோர் வாதம். 1943-இல் தமிழிசைச் சங்கம் தோன்றிய பின் அப்பூசல் மெல்ல அடங்கிற்று. ஆனால் அன்று வென்ற தமிழ் முத்துத்தாண்டவர், அருணாசலக் கவிராயர் வழிவந்த தமிழ். அன்றைய வினா ‘தமிழா, தெலுங்கா’ என்பது. ‘எந்தத் தமிழ்’ என்னும் வினா அன்று எழவேயில்லை, 2017-இல்தான் எழுந்தது.

அதற்கும் முற்பட்ட ஒரு நிகழ்ச்சியைத் தமிழறிஞர் அறிவர். கோபாலகிருஷ்ண பாரதியார் தம் நந்தனார் சரித்திரக் கீர்த்தனைக்குச் சிறப்புப் பாயிரம் வேண்டியபோது, மகாவித்துவான் மீனாட்சிசுந்தரம் பிள்ளை அதில் மலிந்திருந்த வழுக்களையும் பேச்சுவழக்கையும் எண்ணி நெடுநாள் தயங்கினார் என்றும், பாரதியார் உருகிப் பாடக் கேட்ட பின்னரே இசைந்தார் என்றும் உ.வே. சாமிநாதையர் எழுதியுள்ளார். புலவரின் செவி தடுத்ததை அவர்தம் நெஞ்சு ஏற்றுக்கொண்டது. இந்நிகழ்ச்சியைப் பெரும்பாலும் இசையின் வெற்றியாகவே எடுத்துக்காட்டுகிறோம். நந்தனாரின் ஏக்கத்தைப் பாடியவர் நந்தனாரின் சேரியைச் சேர்ந்தவரல்லர் என்பது அத்தகைய எடுத்துரைப்புகளில் இடம்பெறுவதில்லை.

யார் வாயில்?

இரண்டாவது எதிர்ப்பு நேர்மாறான திசையிலிருந்து வந்தது. கிருஷ்ணா 2016-இல் மகசேசே விருது பெற்றவர். ஊரூர் ஆல்காட்டுக் குப்பத்து விழாவில் மீனவர் குடியிருப்புக்கு இசையைக் கொண்டுசென்றவர். அவரது நோக்கத்தை ஐயுறாதவர்களும் ஒன்று கேட்டனர்: எளியோர் மீது எறியப்பட்ட வசைச்சொல் மதிப்புப் பெறக் கருநாடக இசைப் பாடகர் ஒருவரின் குரல் வேண்டியிருந்ததா? பாடலின் இறுதியில், பாடுவோர் அச்சொல்லால் தம்மையே சுட்டிக்கொண்டு, கேட்போரையும் நீயும் அவ்வாறா என வினவுகிறார். பாடலின் ஆற்றல் முழுவதும் இவ்விடத்தில்தான் உள்ளது. சிக்கலும் இவ்விடத்தில்தான். அச்சொல்லால் ஒருநாளும் ஏசப்படாதவர் அதனைத் தாமே விரும்பிச் சூடிக்கொள்ளலாம். ஏசப்பட்டவர்க்குச் சூடவும் கழற்றவும் உரிமை இருந்ததில்லை.

இவ்வெதிர்ப்பு முழுவதும் ஏற்கத்தக்கது என்று யான் கருதவில்லை. எண்ணூர் அனல்மின் நிலையங்களின் சாம்பல் கழிமுகத்தை நிரப்பிக்கொண்டிருந்ததைப் பல ஆண்டுகளாகச் சொல்லிவந்த மீனவரின் முறையீடு, இப்பாடலுக்குப் பிறகு புதிய செவிகளை எட்டிற்று. ஆனால் எதிர்ப்பின் வேர் ஆழமானது. அதனை அழுக்காறு என்று தள்ளுவது வரலாற்றறிவாகாது.

மும்பையிலிருந்து

சென்னையில் கேட்போர்க்கு இப்பாடலின் நிலம் கண்முன் உள்ள நிலம். மும்பைத் தமிழர்க்கு அச்சொல்லே வேறொரு வழியில் வந்து சேர்கிறது. தாராவியில் பிறந்து வளர்ந்த இளைஞர் சிலரோடு உரையாடியபோது, அச்சொல்லை அவர்கள் திரைப்படத்து வசையாக மட்டுமே அறிந்திருந்தமை தெரிந்தது. நிலத்தின் பெயர் அது என்றதும் ஒருவர் சிரித்துவிட்டார். பட்டாவும் சிட்டாவும் இல்லாத நகரில் அச்சொல்லின் முதற்பொருள் உதிர்ந்துபோயிருந்தது. மராட்டியத்தில் மேய்ச்சற் பொதுநிலத்திற்குக் ‘காய்ரான்’ என்று பெயர். அச்சொல் வசையாகவில்லை. மாறாக, தாதாசாகேப் கெய்க்வாட் தலைமையில் 1964-65-இல் நடந்த நிலமற்றோர் போராட்டத்தின் வழிவந்த தலித் நில இயக்கத்தில் அது உரிமைச்சொல்லாகவே வழங்குகிறது. அண்டை மொழியில் மனிதரை இகழ உதவாத ஒரு நிலப்பெயர் தமிழில் இகழ உதவியது ஏன் என்பது தனியே ஆராய வேண்டிய பொருள்.

மாதுங்காவை ஒட்டி எழுந்த சண்முகானந்த சபை 1952-இல் தோன்றியது. அதன் பேரரங்கம் 1963-இல் திறக்கப்பட்டது. அங்கிருந்து தாராவி நடந்து செல்லும் தொலைவு. எனினும் இரண்டிடத்தும் தமிழர் வந்து சேர்ந்த வழி ஒன்றன்று. மாதுங்காவுக்கு அலுவலகப் பணியின் பொருட்டு வந்தோர் சபாவையும் பசனையையும் உடன் கொணர்ந்தனர். திருநெல்வேலிச் சீமையிலிருந்து தோல் பதனிடும் தொழிலுக்கு வந்தோர் தாராவியின் சேற்று நிலத்தைத் தாமே மண்ணிட்டு மேடாக்கிக் குடியமர்ந்தனர்.

பாடல் திசை திரும்பும் இடம் இதுவே. சதுப்பும் கழிமுகமும் கட்டடம் எழுப்பும் இடமல்ல என்று பாடல் கூறும். தாராவியோ மித்தி ஆற்றின் கழிமுகச் சதுப்பின்மேல் எழுந்த ஊர். 2005 சூலை 26-இல் சாந்தாகுரூசில் ஒரே நாளில் 944 மில்லிமீட்டர் மழை கொட்டி நகரம் மூழ்கியபின், மித்திக் கரையின் குடிசைகள் மீதே முதலில் பழி விழுந்தது. அதே ஆற்றைச் சுருக்கியவற்றுள் விமானநிலைய ஓடுபாதையும் பாந்திரா-குர்லா வணிக வளாகமும் அடங்கும் என்பது இரண்டாவதாகவே பேசப்பட்டது. ஆகவே ‘நீர்நிலையைக் காப்போம்’ என்னும் குரல் எண்ணூரில் ஆலைக்கு எதிரான குரல்; மும்பையில் அது எளியோர் குடிசைக்கு எதிரான ஆணையாகவும் ஒலிக்கக்கூடும். பாடலை இயற்றியோர் இதனை எண்ணியிருக்க மாட்டார்கள். எண்ணியிருக்க வேண்டும் என்றும் சொல்வதற்கில்லை. அவர்கள் பாடியது சென்னையை.

செம்பூரின் வரலாறு இதனினும் கடுமையானது. அதனை அடுத்த திராம்பேயில், அணு ஆராய்ச்சி நிலையத்தின் அருகே, தமிழர் பலர் வாழ்ந்த சனதா காலனி 1976-இல், நெருக்கடி நிலைக் காலத்தில், இடித்தகற்றப்பட்டது. மக்கள் சீட்டா கேம்ப்புக்குப் பெயர்க்கப்பட்டனர். 1981-இல் நடைபாதைவாசிகளை அவரவர் ஊருக்கே திருப்பியனுப்ப மாநில அரசு முற்பட்டதை எதிர்த்த வழக்கில் உச்சநீதிமன்றம் 1985-இல் தீர்ப்பளித்தது. பிழைப்புக்கான உரிமை வாழ்வுரிமையின் பகுதி என்று கூறிய அத்தீர்ப்பில் மனுதாரருள் ஒருவர், சேலத்திலிருந்து 1961-இல் பம்பாய் வந்த நிலமற்ற தொழிலாளி. குடிசை இடிக்கப்பட்டுச் சேலத்துக்குப் பேருந்தில் அனுப்பப்பட்ட அவர், பிழைப்பில்லாமல் மீண்டும் பம்பாய்க்கே வந்தார். ‘புறத்தே போக்கு’ என்னும் வினை இங்கு உவமையன்று. 2017-இல், எண்ணூரில் அப்பாடல் வெளிவந்த ஆண்டிலேயே, தான்சா குடிநீர்க் குழாய்வழியில் வாழ்ந்தோர் செம்பூரை அடுத்த மாகுலில் எண்ணெய்ச் சுத்திகரிப்பு ஆலைகளுக்கு நடுவே குடியமர்த்தப்பட்டனர். மாசு காரணமாக அவ்விடம் வாழத் தகாதது என அவர்கள் தொடுத்த வழக்கில், மாற்று வீடு தர வேண்டும், இன்றேல் வாடகைப் பணம் தர வேண்டும் என 2019-இல் மும்பை உயர்நீதிமன்றம் ஆணையிட்டது. எண்ணூரில் ஆலை மக்களைத் தேடி வந்தது. மாகுலில் மக்கள் ஆலையிடம் கொண்டுசெல்லப்பட்டனர்.

பின் வந்த பாடல்கள்

‘யார் வாயில்’ என்னும் வினாவிற்கு விடை விரைவிலேயே வந்தது. 2018 சனவரியில் பா. இரஞ்சித்தின் நீலம் பண்பாட்டு மையத்தின் முயற்சியில் ‘த காஸ்ட்லெஸ் கலெக்டிவ்’ இசைக்குழு சென்னையில் மேடையேறியது. அயோத்திதாசரின் சாதிபேதமற்றோர் என்னும் கருத்தே அக்குழுவின் பெயருக்கு மூலம். கானாவும் பறையும் ராப்பும் அங்கு ஒருங்கே ஒலித்தன. அதே ஆண்டு சூன் 7-இல் வெளிவந்த ‘காலா’, தூய்மை என்னும் முழக்கத்தின் பெயரால் தாராவியின் நிலம் பறிக்கப்படுவதைக் கதையாகக் கொண்டது. அப்படத்தின் பாடல்களில் தாராவியைச் சேர்ந்த ‘டோப்படெலிக்ஸ்’ குழுவினர் பங்குகொண்டனர். ‘உரிமையை மீட்போம்’ பாடலை அறிவு எழுதினார். தாராவிக்கென ஒரு குரல் திரையில் ஒலித்தது. படப்பிடிப்புக்குரிய தாராவியின் பெரும்பகுதி சென்னையில் அமைக்கப்பட்ட அரங்கமே என்பது வேறு செய்தி.

இப்பாடல்களும் எல்லாராலும் ஏற்கப்படவில்லை. சபாச் சுவைஞர் இவற்றை எதிர்த்ததாகத் தெரியவில்லை. இவை சபாவின் எல்லைக்குள் நுழையவில்லையாதலின் எதிர்க்க வேண்டிய தேவையும் அவர்க்கு எழவில்லை. பேகடாவில் ஒலித்த அச்சொல்லுக்கு வந்த எதிர்ப்பு ராப்பில் ஒலித்த சொற்களுக்கு அவ்விடத்திலிருந்து வாராமைக்குக் காரணம் இதுவே. கேட்போரின் பிரிவை அளவிடுவோர் எதிர்ப்பை மட்டும் எண்ணினால் போதாது. பொருட்படுத்தாமையும் ஒருவகை வரவேற்பே. கிருஷ்ணாவின் பாடலுக்குக் கிடைத்த சினம் ஒரு வகையில் அது பெற்ற இடத்தின் அடையாளம்.

தாராவி மறுசீரமைப்புத் திட்டத்திற்கான வீடுவீடான கணக்கெடுப்பு 2024 மார்ச்சில் தொடங்கிற்று. 2000 சனவரி 1-க்கு முன்பே தரைத்தளத்தில் குடியிருந்ததை ஆவணங்களால் மெய்ப்பிப்போர்க்குத் தாராவியிலேயே விலையின்றி வீடு, பிறர்க்கு வெளியே. வெளியிடங்களில் வீடு கட்டுவதற்கெனக் காஞ்சூர்மார்க், பாண்டுப், முலுண்டு பகுதிகளின் உப்பள நிலம் 255.9 ஏக்கரை வழங்க அதே ஆண்டில் ஒப்புதல் தரப்பட்டது. சதுப்பிலிருந்து அகற்றப்படுவோர்க்கு இன்னோர் உப்பளம். மராட்டிய அலுவல் மொழியில் குடியிருப்போர் ‘பாத்ர’, ‘அபாத்ர’ என இருவகைப்படுவர். தகுதியுடையோர், தகுதியற்றோர் என்பது பொருள். எண்ணூர்க் கரையில் நின்று பாடகர் இறுதியில் கேட்ட வினாவைக் கணக்கெடுப்போர் தாராவியின் ஒவ்வொரு கதவிலும் கேட்டனர். விடை படிவத்தில் குறிக்கப்பட்டது.