ஆங்கிலத் திறன் மதிப்பீடும் கல்வராயன் மலை மாணவரும்: ஒரு வரலாற்று நோக்கு

ஒரு மொழியைப் பயின்ற மாணவன் அதனைப் படித்துப் பொருளுணர வல்லனா, தன் கருத்தை அதில் எழுத வல்லனா என்று அறிதற்கு ஏற்பட்டதே மொழித்தேர்வு. ஆயின், ஆங்கிலத் தேர்வு இவ்விரு திறன்களையும் அளந்ததைக் காட்டிலும் நினைவாற்றலையே பெரிதும் அளந்து வந்துள்ளது. இதனை ஆறு முதல் எட்டு வரையுள்ள வகுப்புகளை முன்னிறுத்திக் கள்ளக்குறிச்சி வட்டாரத்தோடு பொருத்திக் காண்போம்.

கள்ளக்குறிச்சி முன்னர்த் தென்னார்க்காடு மாவட்டத்தைச் சார்ந்திருந்தது. 1993-இல் விழுப்புரம் மாவட்டத்துள் அடங்கியது. 2019-இல் தனி மாவட்டமாயிற்று. அதன் மேற்கே எழும் கல்வராயன் மலையில் வாழ்வோருள் பெரும்பான்மையர் மலையாளி எனப்படும் பழங்குடியினராவர். இப்பெயர் கேரளத்தாரைக் குறிப்பதன்று. இவர்கள் பேசுவது தமிழே. தம் முன்னோர் காஞ்சிபுரத்திலிருந்து வந்தனர் என்பது இவர்தம் செவிவழி மரபு. ஜாகீர்தாரர்வசம் இருந்த இம்மலை 1976-இலேயே அரசின் நேரடி ஆட்சிக்குள் வந்தது. பள்ளிக்கல்வியும் இங்குக் காலந்தாழ்ந்தே வேரூன்றியது. மலைவழக்கிலிருந்து பாடநூல் தமிழுக்கு ஒரு படி, அதனின்று ஆங்கிலத்திற்கு மற்றொரு படி என இரு படிகளை இங்குள்ள குழந்தை ஏறுதல் வேண்டும்.

இனி, தேர்வின் வரலாற்றுக்கு வருவோம். இங்கிலாந்தில் 1862-இல் ராபர்ட் லோ என்பார் கொணர்ந்த திருத்த விதிகள், மாணவர் தேர்ச்சியை நோக்கியே பள்ளிக்கு மானியம் வழங்கின. படித்தல், எழுதுதல், கணக்கு என்னும் மூன்றையும் ஆய்வாளர் நேரிற் சோதித்தார். ஆறாம் படியை அடைந்த மாணவன் செய்தித்தாளில் ஒரு பத்தியைப் படித்தலும், மற்றொரு பத்தியைச் சொல்லக் கேட்டெழுதுதலும் வேண்டும். அளவுகோல் தெளிவானதே. ஆயினும், பணம் தேர்ச்சியைப் பற்றி நின்றமையால், கீழ்ப்படிகளிற் குழந்தைகள் பாடநூல் முழுவதையும் நெட்டுருச் செய்து, படிப்பார் போல ஒப்பித்தனர். பள்ளி ஆய்வாளராயிருந்த மாத்யூ ஆர்னால்டு இம்முறையைக் கடுமையாக மறுத்துரைத்தார். இத்தகைய மானியமுறை சென்னை மாகாணத்திலும் நடைமுறைப்பட்டது; 1882-இல் அமைந்த ஹண்டர் குழுவும் இதனை ஆராய்ந்தது.

விடுதலைக்குப் பின் அமைப்புமுறைப் பாடத்திட்டம் சென்னை மாநிலத்தில் இடம்பெற்றது. ஏறத்தாழ 27,000 ஆசிரியர்க்கு அதிற் பயிற்சியளிக்க 1959-இல் ஓர் இயக்கம் தொடங்கப்பட்டது. வாக்கிய அமைப்புகளை ஒன்றன்பின் ஒன்றாகப் பழக்குதல் அதன் நெறி. கற்பித்தல் மாறிற்றேனும், பழகிய வாக்கியத்தை மீளச் சொல்லுவோனே வல்லோனாகக் கருதப்பட்டான்.

இந்நிலையை வினாவியது 1979 முதல் 1984 வரை என். எஸ். பிரபு நடத்திய பெங்களூர்த் திட்டம். பெங்களூர், சென்னை ஆகியவற்றோடு தென்னார்க்காட்டின் தலைநகராகிய கடலூரிலும் அது நிகழ்ந்தது. இலக்கணத்தை முன்வைத்துப் பழக்காமல், கால அட்டவணை, நிலப்படம் முதலியவற்றைப் பற்றிய பணிகளைத் தந்து, பொருளை ஆராயும்போதே மொழி வளருமென்பது அவர் கொள்கை. அதன் பயனை அளந்து பெரெட்டா, டேவிஸ் ஆகியோர் 1985-இல் எழுதினர். அமைப்புமுறையிற் பயின்றோர் அமைப்புத் தேர்விலும், பணிவழியிற் பயின்றோர் பணித்தேர்விலும் மேம்பட்டு நின்றனர். அதனால், இருசாரார்க்கும் பொதுவான தேர்வுகளும் வேண்டியிருந்தன. சொல்வதெழுதுதலும், கேட்டும் படித்தும் பொருளுணர்தலும் அவற்றுட் சில. தேர்வு எதனைக் கேட்கின்றதோ அதனையே காணும் என்பது இதனாற் பெறப்படும் உண்மையாம்.

தமிழ்நாட்டில் 2012–13-இல் எட்டாம் வகுப்பு வரை தொடர் மற்றும் முழுமையான மதிப்பீடு நடைமுறைக்கு வந்தது. வளரறி மதிப்பீட்டிற்கு 40, தொகுத்தறி மதிப்பீட்டிற்கு 60 என மதிப்பெண் வகுக்கப்பட்டது. தேர்வையே பெரிதும் அளவாகக் கொண்ட நிலையை மாற்ற முற்பட்டது இதன் சிறப்பு. எனினும், இறுதியில் எஞ்சுவது ஒரு கூட்டெண்ணே. பார்த்தெழுதுதலில் அழகிய கையெழுத்துடைய மாணவன் ஒரு வரியும் படிக்க மாட்டாதவனாய் இருத்தல் கூடும். பொருளுணர்ந்து படிப்பவன் எழுத்துக்கூட்டத் தடுமாறுதல் கூடும். இருவர்க்கும் ஒரே எண் கிடைப்பின், இருவர் குறையும் மறைந்தொழியும். பத்தாம் வகுப்புப் பொதுத்தேர்வில் ஆங்கிலம் எழுத்துத்தேர்வாகவே நிகழ்தலின், அம்மறைவு அங்கே தோல்வியாக வெளிப்படும். அப்பொழுது திருத்தக் காலமிராது. விடுதியிற் தங்கிப் பயிலும் மலைக்குழந்தைக்கு வீட்டில் ஆங்கிலம் சொல்லித்தருவாரும் அரியர். 2025-இல் தொடங்கிய 'திறன்' இயக்கம் பின்தங்கியோரை முன்னரே கண்டறிய முற்படுதல் வரவேற்கத்தக்கது.

இவ்வரலாற்றால் யாம் துணிவன மூன்று. முதலாவது, படித்தலை அளக்கப் பாடநூலில் இல்லாத புதிய பகுதியே வேண்டும். உணர்ந்த பொருளை மாணவன் தன் தமிழிற் கூறினும் கொள்ளல் தகும். அங்கு அளக்கப்படுவது படித்தலேயன்றி எழுதுதல் அன்று. இரண்டாவது, அப்பகுதி அவன் அறிந்த உலகைப் பற்றியதாதல் வேண்டும். தொடர்வண்டி நிலையத்தைக் காணாதவனிடம் அதைப் பற்றி வினவின், அறியாமை எழுத்தைப் பற்றியதா, பொருளைப் பற்றியதா என்பது விளங்காது. சாமை விளைவும் சந்தையும் பற்றி வினவின் விளங்கும். மூன்றாவது, பார்த்தெழுதுதல், கேட்டெழுதுதல், தானே எழுதுதல் ஆகிய மூன்றையும் தனித்தனியே குறித்தல் வேண்டும்.

இவை நமக்குப் புதியனவும் அல்ல. நன்னூற் பொதுப்பாயிரம் பாடங் கேட்கும் மரபை வகுக்குங்கால், பாடத்தைப் போற்றுதலோடு நில்லாது, கேட்டதைச் சிந்தித்தலையும் வினாவுதலையும் விடையிறுத்தலையும் உடன் வைத்தது. மனனம் கல்வியின் வாயில்; வாயிலையே வீடெனக் கொண்டு மதிப்பெண் இடுதல் மலைக்குழந்தைக்கு மட்டுமன்றி, எல்லாக் குழந்தைகட்கும் இழைக்கும் தீங்காகும்.