அண்மையிலுள்ள பொலிஸ் நிலையம்

நுவரெலியாவிலிருந்து கந்தப்பளையைக் கடந்து செல்லும் பாதை, தேயிலை மலைகளினூடே வளைந்து வளைந்து ராகலையை அடைகின்றது. 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் நானுஓயாவிலிருந்து ராகலை வரை ஒடுங்கிய இருப்புப்பாதை ஒன்றும் இருந்தது. தேயிலைப் பெட்டிகளை இறக்கவும் அரிசி மூடைகளை ஏற்றவும் அது பயன்பட்டது. பின்னர் அது கைவிடப்பட்டது; லொறிகள் வந்தன. எவ்வழியாக வந்தாலும் அந்நியன் ஒருவன் தோட்டத்தினுள் கால்வைத்தால், அவனைக் காவற்காரர் கண்டனர், கங்காணி கண்டார், லயத்து வாசலில் அமர்ந்திருந்த முதியவரும் கண்டார். இன்று அந்நியன் வருவதற்குப் பாதை வேண்டியதில்லை. குழந்தையின் கையிலுள்ள தொலைபேசி வழியே அவன் லயத்து அறைக்குள்ளேயே நுழைந்துவிடுகின்றான்.

2020 மார்ச்சில் பெருந்தொற்றினால் பாடசாலைகள் மூடப்பட்டன. பாடங்கள் தொலைபேசி வழியே வரலாயின. கடன்பட்டேனும் ஒரு தொலைபேசி வாங்க வேண்டிய நிலை தோட்டக் குடும்பங்களுக்கு ஏற்பட்டது. அலைத்தொடர்பு தேடிப் பிள்ளைகள் மேட்டுநிலங்களில் ஏறி நின்றனர். தாய் கொழுந்து பறிக்கச் சென்ற வேளையில், கல்வி தந்த அதே கருவி தீயோருக்கும் கதவாயிற்று. அன்பாகப் பேசிப் பழகுதல், படமொன்றை அனுப்பச் சொல்லுதல், அனுப்பியபின் அதனைக் காட்டி அச்சுறுத்துதல் என்னும் மூன்று படிகளில் இக்குற்றம் பெரும்பாலும் நடைபெறுகின்றது. மூன்றாம் படியை அடைந்த குழந்தை யாரிடம் செல்லும் என்பதே கேள்வி.

இக்கேள்விக்கு இலங்கைச் சட்டம் பல்லாண்டுகளாக ஒரே விடையைக் கூறி வந்துள்ளது. 1883ஆம் ஆண்டின் தண்டனைச் சட்டக்கோவை, பெண்ணின் இசைவு செல்லுபடியாகும் வயதை 12 என வகுத்திருந்தது. சிறுவர் உரிமைகள் பற்றிய ஐக்கிய நாடுகள் உடன்படிக்கையை 1991இல் இலங்கை ஏற்றது. அதன் பின், 1995ஆம் ஆண்டின் 22ஆம் இலக்கத் திருத்தச் சட்டம் அவ்வயதை 16 ஆக உயர்த்தியது. 18 வயதுக்குட்பட்டோரை ஆபாசப் படங்களில் பயன்படுத்துவதையும் அச்சட்டம் தனிக் குற்றமாக்கி, 2 முதல் 10 ஆண்டு வரையான சிறைத்தண்டனையை விதித்தது. அது படச்சுருளின் காலம். ஆதலால், சுருளைக் கழுவிப் படம் எடுத்துக் கொடுப்பவர் அத்தகைய படத்தைக் கண்டால் அண்மையிலுள்ள பொலிஸ் நிலையத்துக்கு அறிவிக்க வேண்டுமெனவும் 1990களின் சட்டம் பணித்தது. 2006ஆம் ஆண்டின் 16ஆம் இலக்கச் சட்டம், கணினி வழியே சேவை வழங்குவோர் மீதும் அதே கடமையைச் சுமத்தியது. இருட்டறை போய்க் கணினி வந்தபோதும் செய்தி சென்று சேர வேண்டிய இடம் மாறவில்லை.

ராகலைக் குழந்தைக்கு அந்த இடம் ராகலை பொலிஸ் நிலையம். ஆனால் மலையகத்தில் பொலிஸ் நிலையத்துக்கும் லயத்துக்கும் இடையிலுள்ள தூரம் மைல் கணக்கில் மட்டும் அளக்கத்தக்கதன்று. 1940 ஜனவரியில் முல்லோயாத் தோட்டத்தில் கோவிந்தன் என்னும் தொழிலாளி பொலிஸாரின் துப்பாக்கிச் சூட்டுக்குப் பலியானார். 1948ஆம் ஆண்டின் குடியுரிமைச் சட்டம் தோட்ட மக்களுட் பெரும்பாலோரை நாடற்றவராக்கியது. எஞ்சியிருந்த நாடற்றோருக்குக் குடியுரிமை வழங்கும் சட்டம் 2003இலேதான் நிறைவேறியது. இவ்வாறு வாழ்ந்த மக்கள் பொலிஸ் நிலையத்தைத் தம்மைக் காக்கும் இடமாக எளிதில் கருதவில்லை. 1952இல் இலங்கைப் பொலிஸில் பெண்கள் சேர்க்கப்பட்டதும், பின்னாளில் சிறுவர், மகளிர் பணியகம் அமைந்ததும் இவ்விடைவெளியைக் குறைப்பதற்கு வழிகோலிய படிகளாகும்.

இணையக் குற்றத்தின் பெருக்கத்தை உலகப் பொலிஸார் கண்கூடாக உணர்ந்த ஆண்டு 1998. அவ்வாண்டு செப்டெம்பரில், குழந்தைகளின் படங்களைத் தமக்குள் பரிமாறிக்கொண்ட ஒரு கூட்டத்தாரைப் பல நாட்டுப் பொலிஸார் ஒரே வேளையில் சுற்றிவளைத்தனர். கைப்பற்றப்பட்ட படங்கள் ஏழு இலட்சத்துக்கு மேற்பட்டவை. அவற்றில் காணப்பட்ட குழந்தைகள் ஆயிரவருக்கு மேல். ஆயினும் இன்னாரென்று அறியப்பட்டவர் இருபதின்மரும் இலர். குற்றவாளியைப் பிடிப்பதும் குழந்தையை மீட்பதும் ஒன்றல்ல என்னும் உண்மையை அந்நிகழ்ச்சி உணர்த்திற்று. அதே ஆண்டில் இத்தகைய செய்திகளை ஏற்கும் நிலையமொன்று அமெரிக்காவில் தொடங்கப்பட்டது. 2023ஆம் ஆண்டில் மட்டும் அதற்கு வந்த அறிவிப்புகள் 3 கோடி 60 இலட்சத்தைத் தாண்டின. எந்நாட்டில் நிகழ்ந்ததோ அந்நாட்டுப் பொலிஸாருக்கு அவ்வறிவிப்புகள் அனுப்பப்படுகின்றன.

இலங்கையிலும் 1998ஆம் ஆண்டு குறிப்பிடத்தக்கதே. தேசிய சிறுவர் பாதுகாப்பு அதிகாரசபையை அமைக்கும் 50ஆம் இலக்கச் சட்டம் அவ்வாண்டில்தான் நிறைவேறியது. பேராசிரியர் ஹரேந்திர டி சில்வா அதன் முதற்றலைவரானார். மறு ஆண்டில் வந்த 32ஆம் இலக்கச் சட்டம், குழந்தையின் வாக்குமூலத்தை ஒளிப்பதிவாக நீதிமன்றம் ஏற்க வழி செய்தது. நடந்ததைக் குழந்தை மீண்டும் மீண்டும் கூறி நோகாதிருக்க வேண்டும் என்பதே அதன் கருத்து.

பின்னர் 2007ஆம் ஆண்டின் 24ஆம் இலக்கக் கணினிக் குற்றச் சட்டம் பொலிஸ் பயிற்சி வரலாற்றில் புதியதோர் அத்தியாயத்தைத் தொடக்கியது. தகவல் தொழினுட்பத்தில் போதிய அறிவும் திறனும் உடையவரெனப் பொலிஸ் மா அதிபர் எழுத்தில் சான்று வழங்கினாலன்றி, எந்த உத்தியோகத்தரும் அச்சட்டத்தின்கீழ் விசாரணைக்காகக் கணினியைத் திறத்தல் ஆகாது. அழிந்துவிடக்கூடிய தகவலை 7 நாள் பேணி வைக்கும்படி கோரவும், நீதவானின் கட்டளையால் அதனை 90 நாள் வரை நீட்டவும் அச்சட்டம் இடமளிக்கின்றது. இதனை அறிந்த உத்தியோகத்தர் முதல் நாளிலேயே செயற்படுவார். அறியாதவர் தொலைபேசியைத் திறந்து தட்டிப் பார்த்துச் சான்றைக் கெடுப்பார். அல்லது, படத்தை மற்றொருவருக்கு அனுப்பி, தீங்கைத் தாமே பெருக்குவார்.

எனினும், அச்சட்டம் கேட்கும் சான்றிதழ் கருவியறிவுக்கே உரியது. குழந்தை சொல்வதைக் கேட்கும் அறிவுக்கு அது சான்றிதழ் கேட்கவில்லை. உண்மையில் முதலில் வேண்டப்படுவது அவ்வறிவே. ராகலைச் சிறுமி ஒருத்தி நிலையத்துக்கு வந்து, "அசிங்கமாப் பேசினாங்க" என்று மட்டும் சொல்லிவிட்டு மௌனமாகிறாள் என்று கொள்வோம். தன் உடலைப் பற்றிக் கூறிய இழிசொல்லையும் படம் கேட்ட செய்தியையும் அவள் அந்தச் சொல்லினுள்ளே மறைத்து வைத்திருக்கின்றாள். தமிழறியாத உத்தியோகத்தர் அதனை "திட்டினார்கள்" என்று சிங்களத்தில் எழுதிக்கொண்டால், பெருங்குற்றம் சிறு சச்சரவாகச் சுருங்கிவிடும். 1987இல் 13ஆம் திருத்தம் தமிழையும் அரசகரும மொழியாக்கியது. அவ்வுரிமை பொறுப்பதிகாரியின் மேசையில் உயிர்பெறும்போதே அச்சிறுமிக்குப் பயன் தரும்.

பயிற்சி பெற்றவர் விடையைத் தாமே எடுத்துக் கொடுக்கமாட்டார், "பிறகு என்ன நடந்தது?" என்று மட்டும் கேட்டுப் பொறுத்திருப்பார். "நீ ஏன் அனுப்பினாய்?" என்று கேட்கவேமாட்டார். பொலிஸ் ஜீப் லயத்துக்கு வந்தால் அன்று மாலைக்குள் தோட்டம் முழுவதும் செய்தி பரவும், மறுநாள் அப்பிள்ளை பாடசாலைக்குச் செல்லாது என்பதை அவர் அறிவார். ஆதலால் சாதாரண உடையில், அமைதியான ஓரிடத்தில் சந்திப்பார். பெற்றோர் சினமுற்றுத் தொலைபேசியை உடைத்தால் சான்று அழியும், பிள்ளையை அடித்தால் அதன் வாய் அடைபடும் என்பதையும் அவர்களுக்கு எடுத்துரைப்பார். நிலையத்துக்கு வர அஞ்சுவோர் அதிகாரசபையின் 1929 என்னும் இலக்கத்தை அழைக்கலாம் என்பதையும் தோட்டந்தோறும் அறிவிப்பார்.

சட்டங்கள் கொழும்பில் இயற்றப்பட்டன. அறிவிப்புகள் கடல் கடந்து வருகின்றன. இவையனைத்தும் இறுதியில் ஒரு சிறு நிலையத்தில், ஒரு மேசையின் இருபுறத்தும் அமர்ந்திருக்கும் இருவரிடம் வந்து சேர்கின்றன. அங்கே ஒருவர் பொறுமையுடன், அக்குழந்தையின் மொழியில் செவிசாய்ப்பாராயின், அரை நூற்றாண்டுக்கு மேற்பட்ட அச்சமும் சற்றே தளரும். அதன் பின்னரே அந்த நிலையம் மலைநாட்டுப் பெற்றோருக்கும் பிள்ளைகளுக்கும் உண்மையிலேயே அண்மையிலுள்ள நிலையமாகும்.