அழித்துக் கட்டல்: மீன்பிடி சிறுகலங்கள் புதுக்கப்பட்ட வரலாறு

தமிழர்தம் கடல் வரலாற்றை எழுதப் புகுந்தோர் பெரும்பாலும் பெருங்கலங்களையே நோக்கினர். நாவாயும் வங்கமும் பேசப்பட்ட அளவிற்குத் திமிலும் அம்பியும் பேசப்படவில்லை. சிறுகலங்களைக் கூறுமிடத்தும் அவை எவ்வாறு செய்யப்பட்டன என்று வினவினோமேயன்றி, பழுதுற்றபின் எவ்வாறு புதுக்கப்பட்டன என்று வினவினோமல்லோம். ஆனால் மீன்பிடி கலம் ஒன்று புதியதாக இருப்பது சில நாள். பழையதாக இருந்து உழைப்பதோ பல்லாண்டு. ஆதலின் அதன் வரலாற்றிற் பெரும்பகுதி புதுக்கலின் வரலாறே எனலாம். அதனைச் சோழமண்டலக் கரையை முதன்மையாகக் கொண்டு ஈண்டு ஆராய்வோம்.

1. சங்கச் சான்று இரண்டு

நெய்தல் பாடிய புலவருள் அம்மூவனார் பழங்கலத்தின் இருவேறு முடிவுகளைக் காட்டுகிறார். நற்றிணை 315ஆம் பாட்டில், தொழில் முடிந்து வாய் முரிந்த அம்பி ஒன்று வருகிறது. ஞாழலொடு நிற்கும் புன்னையின் நிழலில், அம்மரத்தின் அடியில் அதனைப் பிணித்து வைக்கின்றனர். உழுது ஓய்ந்த எருதினை உழவர் புல்லுள்ள சோலையில் விட்டுவைத்தலை அதற்கு உவமையாக்குகிறார் புலவர். அவ்வம்பிக்கு நறும்புகை கொடுக்கப்படவில்லை என்று எடுத்துரைத்தலின், தொழிலிலுள்ள கலத்திற்குப் புகை காட்டும் வழக்கம் அன்று இருந்தமை பெறப்படும்.

அகநானூற்றுப் பத்தாம் பாட்டிலோ வேறொரு நிலை காண்கிறோம். ஆங்குப் பரதவரிடம் இருப்பது புதுவலை; கலமோ பழந்திமில். அத்திமிலை அவர்கள் செய்ததைக் கூறும் வினை ‘கொல்’ என்பதாகும். பழந்திமிலின் அழிவைச் சரிப்படுத்தினர் என்று இதற்குப் பொருள் கொள்வாரும் உளர். நேர்ப்பொருள் நோக்கின் அழித்தல் என்பதே தோன்றும். இவ்விரண்டும் முரணாவன போலத் தோன்றினும், தொழில் நோக்கிற் காணின் முரணில்லை என்பது நம் கருத்து. பழைய நகையைத் தட்டார் அழித்துப் பண்ணுகின்றனர். பழைய வீட்டை அழித்துக் கட்டுகின்றோம். ஆண்டு அழித்தல் என்பது புதுக்கலின் முதற்செயல். பொருள் நீங்குவதில்லை, பிணிப்பே நீங்குகிறது. திமிலே இன்றைய கட்டுமரம் என்று நாட்டுவது நம் நோக்கமன்று. ஆயினும் கட்டியும் தைத்தும் ஆக்கப்படும் கலங்களில் அழித்தலும் ஆக்கலும் ஒரே தொழிலின் இரு பாதிகளாய் அமைதல், பின்வரும் சான்றுகளால் விளங்கும்.

2. கட்டுமரம்

தனிமரங்களைப் பிணைத்துக் கலமாக்கும் வழக்கம் இக்கரைக்கு மிகத் தொன்மையானது. கி.பி. முதல் நூற்றாண்டினதான ‘பெரிப்ளூசு’ என்னும் கிரேக்க நூல், ஒற்றைமரக் கலங்களைப் பிணைத்துச் செய்த ‘சங்காரா’ என்னும் பெருங்கலத்தை இப்பகுதியின் துறைகளோடு சார்த்திக் குறிக்கிறது. 1697இல் வெளிவந்த தம் பயண நூலில் ஆங்கிலக் கடலோடி வில்லியம் டாம்பியர் சோழமண்டலக் கரைக் கட்டுமரத்தைப் பெயர் சொல்லிக் குறித்தார். அச்சொல் பின்னர் ஆங்கிலத்தில் நிலைபெற்று, இரட்டை உடலுடைய வேறுவகைக் கலத்திற்குப் பெயராயிற்று. தமிழ்ச் சொல்லில் ‘கட்டு’ என்பதே உயிர். ஆங்கிலத்தில் அவ்வுயிர் மறைந்து பெயர் மட்டும் எஞ்சியது.

கட்டுமரத்திற்கு மலைவேம்பு போன்ற நொய்ய மரங்கள் கொள்ளப்பட்டன. நீளத்தில் வேறுபட்ட மரங்களைச் செதுக்கி, நடுமரம் தாழவும் ஓரமரங்கள் உயரவும் அடுக்கி, இரு தலையிலும் குறுக்குக் கட்டை வைத்துக் கயிற்றால் இறுக்குவர். வடக்கே கஞ்சம், விசாகப்பட்டினப் பகுதிகளில் கயிற்றுக்கு மாறாக மரமுளைகளால் இணைத்தல் உண்டு. சென்னை மாகாண மீன்துறையின் தலைவராய் விளங்கிய ஜேம்ஸ் ஹார்னெல் 1920இல் வெளியிட்ட இந்தியப் படகமைப்புப் பற்றிய ஆய்வில் இவ்வேறுபாடுகளை வகைப்படுத்தியுள்ளார்.

நம் ஆய்விற்கு இன்றியமையாத செய்தி ஒன்றுண்டு. நொய்ய மரம் நீரை உறிஞ்சிக் கனக்கும். ஆதலின் கரை சேர்ந்ததும் கட்டை அவிழ்த்து, மரங்களைத் தனித்தனியே மணலில் உலர விடுவர். மறுமுறை கடலேகுங்கால் மீண்டும் கட்டுவர். எனவே இக்கலம் ஒவ்வொரு தொழில்நாளும் அழிந்து, ஒவ்வொரு தொழில்நாளும் பிறக்கிறது. ஒரு மரம் உளுத்ததாயின் அதனை மட்டும் மாற்றினால் போதும். தொழிலின் தேவைக்கேற்ப மரங்களின் தொகையைக் கூட்டவும் குறைக்கவும் இயலும். கோலாமீன் பிடித்தற்கென நாகைப் பகுதியில் அமைந்த கோலாமரம், மரங்களை மிகுத்து நீண்ட கடற்செலவிற்கு ஏற்பப் பெருக்கப்பட்ட வடிவமே. பழுது நீக்கலும் வேண்டியவாறு திருத்தியமைத்தலும் இங்கு இருவேறு தொழில்கள் அல்ல. இரண்டிற்கும் வேண்டுவது கயிறும், கட்டறிந்த கையுமே.

3. தையற்படகும் வள்ளமும்

இயற்கைத் துறைமுகம் இல்லாத சென்னையில் அலைவாயைக் கடந்து ஆளும் சரக்கும் ஏற்றியிறக்கியது ‘மசூலா’ எனப்பட்ட தையற்படகு. 1876இல் துறைமுகப் பணி தொடங்கும் முன்னர் நகரின் கடல் வாணிகம் இப்படகினையே பெரிதும் நம்பியிருந்தது. கரைவலை இழுக்கும் மீன்தொழிலிலும் இவ்வகைப் படகு பயன்பட்டது. இதில் ஆணி இல்லை, உட்சட்டமும் இல்லை. பலகைகளின் ஓரங்களில் துளையிட்டு, பொருத்துவாயின்மேல் நாரோ புல்லோ வைத்தழுத்தி, தென்னங்கயிற்றால் தைப்பர். அலை அறைந்து மணலில் மோதுங்கால் ஆணியறைந்த உடல் பிளவுறும்; தைத்த உடலோ வளைந்து கொடுக்கும். கயிறு இற்றவிடத்துத் தையலைப் பிரித்து மீண்டும் தைத்தனர். கயிறு அழியத்தக்கது என்பது குறைபாடாகத் தோன்றும். ஆனால் விலைமிக்க பலகை அழியாமைப் பொருட்டு, விலைகுறைந்த கயிறு அழிவை ஏற்கிறது என்று காணின் அக்குறையே அமைப்பின் நுட்பம் எனத் தெளியலாம்.

தெற்கே செல்லுந்தோறும் வள்ளம் மிகுகிறது. ஒரே மரத்தைக் குடைந்து செய்த வள்ளம் கட்டுமரம் போல அவிழ்க்கத்தக்கதன்று. எனினும் அதன் விளிம்பின்மேல் பலகை சேர்த்து உயர்த்தி, ஆழ்கடற்குத் தகுதியாக்கினர். பிளவுகளை நாரும் குங்கிலியமும் எண்ணெயும் கொண்டு அடைத்தனர். பாக்கு நீரிணைப் பகுதியிற் பாய்மரப் படகுகளில் குறுக்கே நீண்ட பலகையொன்றை வைத்து, காற்று வீசும் பக்கத்து நுனியில் ஆட்களை நிறுத்திச் சாய்வைத் தடுத்தனர். இஃது உடலை மாற்றாது பாயின் ஆற்றலைப் பெருக்கிக்கொண்ட திருத்தமாகும்.

4. பொறியும் இழைக்கண்ணாடியும்

இருபதாம் நூற்றாண்டின் நடுவில் புதிய வினா எழுந்தது: பழங்கலத்திற் பொறியைப் பொருத்துதல் கூடுமா? 1952இல் ஒப்பந்தமாகிக் கொல்லத்தை அடுத்த நீண்டகரையில் நடைபெற்ற இந்திய–நார்வேத் திட்டத்தில் இவ்வினா முதன்மை பெற்றது. நாட்டுக்கலங்கள் உட்பொறிக்கு ஏற்றவை அல்ல என்று கண்டு, புதிய வடிவில் சிறு பொறிப்படகுகள் செய்யப்பட்டன. காரணம் அறிதற்கு எளிது. பொறி விறைப்பான உடலை வேண்டும். கட்டும் தையலும் நெகிழ்ச்சியால் வாழ்வன. பொறியின் அதிர்ச்சி கட்டினைத் தளர்த்தும்.

1979இல் சென்னையைத் தலைமையிடமாகக் கொண்டு தொடங்கிய உணவு வேளாண்மை நிறுவனத்தின் வங்காள விரிகுடாத் திட்டம், கரையிலேயே ஏற்றியிறக்கத்தக்க சிறுபடகுகளை உருவாக்க முயன்றது. 1980களிற் புறப்பொறிகள் பரவின. கட்டுமரத்திற்கும் பொறி ஏறியது. அக்காலத்தே குமரிப் பகுதியில் ஒட்டுப்பலகைப் படகுகள் தோன்றின. பியேர் கில்லே 1985இல் எழுதிய நூல் தென்னிந்தியாவில் இச்சிறுபடகுத் தொழில்நுட்பம் பட்ட இடர்களை விரித்துரைக்கிறது. இப்படகுகளை ஆக்கும் முறை நோக்கத்தக்கது: பலகைகளைக் கம்பியால் தைத்துச் சேர்த்துப் பின்னர்ப் பிசினும் இழைக்கண்ணாடியும் பூசுவர். தையல் மீண்டும் வந்தது. ஆனால் அஃது அவிழ்த்தற்குரியதாய் வரவில்லை.

2004 திசம்பர் 26ஆம் நாள் ஆழிப்பேரலை கரையை அழித்தபின் வழங்கப்பட்ட கலங்களிற் பெரும்பாலன இழைக்கண்ணாடிப் படகுகளே. அவை நீரை உறிஞ்சா, உளுத்துப்போகா, நொய்ய பெருமரம் அரிதாகிவிட்ட காலத்திற்கு ஏற்றவை. இந்நலன்களை மறுத்தற்கில்லை. அவையும் பழுது பார்க்கப்படுகின்றன. வெடிப்பில் இழைவிரிப்பும் பிசினும் இட்டு மூடப்படுகின்றன. வேறுபாடு ஒன்றே. முன்னர்ப் பழுதுற்ற உறுப்பு நீக்கப்பட்டது. இன்று பழுது மேற்பூச்சால் மறைக்கப்படுகிறது. முன்னர்க் கலத்தை ஆண்டவனே அதனை அவிழ்த்துக் கட்டினான்; இன்று அவன் கடையிற் பிசின் வாங்கிப் பிறர் கையை எதிர்நோக்குகிறான்.

5. முடிவுரை

மேற்கூறியவற்றால் இரண்டு பெறப்படும். முதலாவது, நம் கரைச் சிறுகலங்கள் அழியாமையை நோக்கி ஆக்கப்பட்டன அல்ல. எளிதில் அழித்துக் கட்டுதலை நோக்கி ஆக்கப்பட்டன. அவற்றின் நீடுவாழ்வு மரத்தில் இல்லை; கட்டும் அறிவில் இருந்தது. இரண்டாவது, அவ்வறிவு நீங்கின் சொல்லும் நீங்கும். சொல் நீங்கின் பாட்டின் பொருளும் மங்கும். அணியம், பருமல் போன்ற கலவுறுப்புச் சொற்கள் சென்னைப் பல்கலைக்கழகத் தமிழ்ப் பேரகராதியில் ஏறின. ஆனால் கட்டின் வகை, முடிச்சின் வகை, தையலின் வகை ஆகியவற்றைக் குறிக்கும் சொற்கள் பெரிதும் தொழிலோர் நாவிலேயே வாழ்வன. கட்டுமரம் கட்டிய முதியோர் இன்னும் உள்ளனர். அவர்பாற் சென்று, கட்டும் முறையைக் கண்டு, பெயர்களைக் கேட்டெழுதிக் கொள்ளுதல் தமிழாய்வு மாணாக்கர்க்குரிய கடமையாகும். ‘கொல்’ என்னும் ஒரு வினைக்கு உரை காண்பதற்கே, கட்டவிழ்த்த மரங்கள் உலரும் மணற்கரையை நாம் நோக்க வேண்டியிருந்தது. நெய்தற் பாட்டுகளில் இத்தகைய சொற்கள் இன்னும் பல உள. அவற்றுக்குரிய சான்றுகளோ ஆண்டுதோறும் அருகி வருகின்றன.