குடிநிறுத்தமும் குடிநோய்ச் சிகிச்சையும்: 2020 ஊரடங்கு தரும் சான்று

மது பற்றிய நம் விவாதம் கடைகளைத் திறப்பதா மூடுவதா என்பதைத் தாண்டுவதில்லை. கைக்கு எட்டாவிட்டால் குடிப்பவர் தானே திருந்திவிடுவார் என்ற நம்பிக்கை அதன் அடியில் கிடக்கிறது. 2020 மார்ச் இறுதியில் ஊரடங்கு மதுக்கடைகளை ஒரேயடியாக மூடியபோது அந்த நம்பிக்கை சோதனைக்கு வந்தது. மது கிடைக்காமல் தற்கொலை செய்துகொண்டோர் பற்றிய செய்திகள் கேரளத்திலிருந்து அடுத்தடுத்து வந்தன. மருத்துவர் சீட்டின் பேரில் மது வழங்க அம்மாநில அரசு மார்ச் 30 அன்று ஆணையிட்டது. மருத்துவர் சங்கங்கள் எதிர்த்தன. ஏப்ரல் 2 அன்று உயர் நீதிமன்றம் இடைக்காலத் தடை விதித்தது. அந்த எதிர்ப்பு நியாயமானது. ஆயினும் அரசைப் பதறவைத்த ஆபத்தும் மெய்யானதே.

பல ஆண்டுகள் மிகுதியாகக் குடித்தவரின் மூளை, மதுவின் மந்தத்தை ஈடுகட்டத் தன் கிளர்ச்சியைக் கூட்டிக்கொள்கிறது. குடி சட்டென்று நின்றால் கிளர்ச்சி மட்டும் எஞ்சும். சில மணி நேரத்தில் கைநடுக்கம், வியர்வை, தூக்கமின்மை. இரண்டு நாளுக்குள் சிலருக்கு வலிப்பு. இரண்டாம் நாள் முதல் நான்காம் நாளுக்குள் ஒரு சிறு பகுதியினரை ‘டெலிரியம் ட்ரெமென்ஸ்’ பிடிக்கிறது: இல்லாத பூச்சிகள் உடம்பில் ஊரும், நாளும் இடமும் குழம்பும், காய்ச்சல் ஏறும். கவனிக்காமல் விட்டால் உயிர் போகலாம். குளோர்டையசெபாக்சைடு, கல்லீரல் கெட்டவருக்கு லோரசெபாம் என்று மருந்து கொடுத்துப் படிப்படியாகக் குறைத்தால் பெரும்பாலோர் ஒரு வாரத்தில் தேறிவிடுவர். கூடவே தயமின் என்னும் வைட்டமின் ஊசி வேண்டும். தயமின் இன்றிக் குளுக்கோஸ் மட்டும் ஏற்றுவது, சத்துக் குறைந்த குடிநோயாளிக்கு வெர்னிக்கி என்னும் மூளைப் பாதிப்பைத் தூண்டக்கூடும்.

இதை அறியாமல் ஒருவரை அறையில் பூட்டிக் குடியை நிறுத்துவது சிகிச்சை ஆகாது. அது உயிரோடு விளையாடுவது. குடியை நிறுத்த மனைவியர் சோற்றில் தெரியாமல் கலக்கும் மாத்திரையும் அப்படித்தான். அது டைசல்ஃபிராமாக இருந்தால், விவரம் அறியாத கணவர் குடித்ததும் முகம் சிவந்து, வாந்தியெடுத்து, இரத்த அழுத்தம் சரிந்து விழலாம். நோயாளி அறிந்து, ஒப்பி, மருத்துவர் மேற்பார்வையில் விழுங்க வேண்டிய மருந்து அது. வேறு வழி காட்டப்படாத மனைவியரை இதற்காகக் குறைசொல்ல எனக்கு மனமில்லை.

நடுக்கம் நின்ற பிறகே உண்மையான சிகிச்சை தொடங்குகிறது. வேட்கையைக் குறைக்கும் நால்ட்ரெக்சோன், குடும்பத்தையும் சேர்த்த ஆலோசனை, மாதக்கணக்கான தொடர் கவனிப்பு ஆகியவை அதில் அடங்கும். மீண்டும் குடித்துவிட்டவரைத் தோற்றவராகப் பார்ப்பதும் தவறு. நீரிழிவில் சர்க்கரை ஏறினால் மருந்தை மாற்றுகிறோம், நோயாளியைத் திட்டி அனுப்புவதில்லை. சென்னையில் சாந்தி ரங்கநாதன் 1980இல் தொடங்கிய டி.டி.கே. மருத்துவமனை இந்த முழுமையான அணுகுமுறையைத் தமிழகத்துக்கு முன்பே காட்டிவிட்டது.

அது பரவவில்லை. குடிக்கு அடிமையானோரில் 38 பேருக்கு ஒருவரே ஏதேனும் ஒரு சிகிச்சை பெற்றதாக 2019இல் வெளியான தேசிய ஆய்வு சொல்கிறது. 2017ஆம் ஆண்டின் மனநலப் பராமரிப்புச் சட்டம் மது, போதைப்பொருள் பாதிப்புகளையும் மனநோய் வரையறைக்குள் வைத்திருப்பதால், அரசு நடத்தும் அல்லது நிதி அளிக்கும் மனநலச் சேவைகளில் சிகிச்சை பெறும் உரிமை குடிநோயாளிக்கும் உண்டு. ஆகவே ஒவ்வொரு வட்ட மருத்துவமனையிலும் லோரசெபாமும் தயமினும், அவற்றைக் கொடுக்கப் பயிற்சி பெற்ற மருத்துவரும் செவிலியரும் இருக்க வேண்டும். மது விற்று வருவாய் ஈட்டும் அரசுக்கு இது முதல் கடமை.